மூன்றாவது ஒயர்

கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்த ஒருவர்மேல் விழுந்த பழி என்னுடையது. அவர் இழுத்த ஒயரிங்கில் குறை இல்லை. நான் வரைந்த போர்டில் இருந்தது. அது எனக்குத் தெரிந்த பிறகும் நான் வாய் திறக்கவில்லை. ஆலையின் பெயரையும் அவர் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்கிறேன். கொஞ்சம் மின்சாரக் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள், நான் செய்த தப்பு அந்தக் கணக்குக்குள்தான் இருக்கிறது.

நூற்பாலைக்குள் காற்றில் ஈரம் குறைந்தால் இழை அறும். கூடினால் உருளைகளில் பஞ்சு சுற்றிக்கொள்ளும். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் பெரிய விசிறிகளும் தண்ணீர் தெளிக்கும் பம்புகளும் கொண்ட ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் இருக்கும். அந்த ஈரத்தையும் வெப்பத்தையும் அளந்து விசிறிகளுக்குக் கட்டளையிடும் சிறிய கன்ட்ரோலர் போர்டுகளை நான் வடிவமைத்து விற்றுக்கொண்டிருந்தேன். புளோ ரூம், கார்டிங், ரிங் ஃபிரேம், கோன் வைண்டிங் எனப் பகுதிக்கு ஒரு பேனல், பேனலுக்குள் என் போர்டு. எல்லாப் போர்டுகளையும் ஒரே கேபிளில் கோத்து அலுவலகத்துக் கம்ப்யூட்டரில் கொண்டுவந்து முடித்திருந்தோம். கேபிளில் ஓடியது ஆர்எஸ் 485. அதன்மேல் பேசிய மொழி மோட்பஸ், 1979இல் மோடிகான் கம்பெனி உருவாக்கி இன்றைக்கும் தொழிற்சாலைகளில் ஓயாமல் ஓடுகிறதே, அதே மோட்பஸ்.

ஆர்எஸ் 485 தரம் 1983இல் வந்தது. ஏ, பி என்று இரண்டு ஒயர். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். வாங்கும் முனையில் இருக்கும் சிப் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் பார்க்கும். 200 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே அதற்குப் போதும். வழியில் மோட்டாரோ டிரைவோ கிளப்பும் இரைச்சல் முறுக்கிய இரண்டு ஒயரிலும் ஏறக்குறைய ஒரே அளவில் விழுவதால், கழித்துப் பார்க்கும்போது மறைந்துபோகும். 1200 மீட்டர் வரை போகலாம், 32 கருவிகள் வரை தொங்கலாம் என்று எல்லாப் பாடநூல்களும் சொல்லும். இவ்வளவையும் படித்துவிட்டு நான் எடுத்துக்கொண்ட முடிவு ஒன்று: வித்தியாசத்தை மட்டும் பார்க்கிற சிப்புக்குக் கிரவுண்ட் எதற்கு? என் போர்டில் ஏ, பி என்று இரண்டே டெர்மினல் வைத்தேன்.

அதே சிப்பின் டேட்டாஷீட்டில் இன்னொரு வரி இருந்தது. ஏ, பி இரண்டும் அந்தச் சிப்பின் சொந்த மைனஸிலிருந்து பார்த்தால் −7 வோல்ட்டுக்கும் +12 வோல்ட்டுக்கும் இடையில் இருக்க வேண்டும். இந்த எல்லைக்குள் இருக்கும் வரைதான் கழித்தல் நடக்கும். எல்லை தாண்டினால் சிப் சொல்லும் பதிலுக்கு மதிப்பில்லை. இன்னும் ஒரு வோல்ட் போல அந்தப் பக்கம் போனால் சாதாரண சிப்புகள் கருகிவிடக்கூடும். நான் அந்த வரியைப் பார்க்காமல் இல்லை. பார்த்தேன், பெரிய இடைவெளிதானே, எங்கே தாண்டப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

சர்க்யூட் படம் வரைபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மைனஸ் வரும் இடத்திலெல்லாம் கிரவுண்ட் குறியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம். அந்தக் குறி இருக்கும் இடமெல்லாம் பூஜ்யம் வோல்ட் என்று படம் சத்தியம் செய்யும். ஒரே போர்டுக்குள் அது ஏறக்குறைய உண்மையும்கூட. இன்னொரு போர்டில் அதே குறி இருந்தால் அங்கேயும் பூஜ்யம், ஆக இரண்டும் ஒன்று என்று மனம் தானாக நினைத்துக்கொள்கிறது. மேட்டு வீட்டுத் திண்ணையில் நிற்பவரும் பள்ளத்து வீட்டுத் திண்ணையில் நிற்பவரும் அவரவர் காலடியிலிருந்து அளந்துவிட்டு, இருவர் தலையும் ஒரே உயரம் என்று சொல்வது போன்ற நினைப்பு அது. ரிங் ஃபிரேம் பேனலின் பூஜ்யம் வேறு, கோன் வைண்டிங் பேனலின் பூஜ்யம் வேறு. இரண்டுக்கும் நடுவில் எத்தனை வோல்ட் என்பதை நான் ஒருநாளும் அளந்ததில்லை.

பழைய ஆர்எஸ் 232இல் இந்தத் தப்பு நடக்காது. அங்கே சிக்னலையே கிரவுண்டோடு ஒப்பிட்டுத்தான் படிக்க வேண்டும். ஒன்பது பின் கனெக்டரில் ஐந்தாவது பின்னை விட்டுவிட்டால் பெரும்பாலும் மேஜையிலேயே குட்டு வெளிப்பட்டுவிடும். 485 மேஜையில் காட்டிக்கொடுக்காது. கிரவுண்ட் ஒயர் இல்லாமலும் ஓடும். அதனால்தான் அது ஆபத்து.

எப்படி ஓடுகிறது என்பதைப் பின்னால்தான் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டேன். போர்டுக்கு மின்சாரம் தரும் 24 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸின் மைனஸை எங்கும் எர்த் செய்யாமல் விட்டால் அது மிதக்கும். உள்ளே இருக்கும் சிறிய ஒய் கெப்பாசிட்டர் வழியாக மெயின்ஸ் அதைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டே இருக்கும். இரண்டு பின் பிளக்கில் ஓடும் கருவியைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறுவது இதுதான். ஆனால் 2.2 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் கடத்தக்கூடியது சுமார் 0.16 மில்லியாம்பியர். 485 சிப்பின் ஒவ்வொரு கால் வழியாகவும் 12 கிலோ ஓம் தடை கிரவுண்டுக்கு உண்டு. இரண்டு கால் சேர்ந்தால் 6 கிலோ ஓம். அந்தச் சிறு மின்னோட்டம் இதன் வழியே போனால் எழுவது ஒரு வோல்ட் அளவுதான். அதாவது மிதக்கும் போர்டை ஏ, பி ஒயர்களே பிடித்துக் கட்டி வைத்திருக்கின்றன. நான் கொடுக்காத கிரவுண்டைச் சிக்னல் ஒயர்கள் தங்கள் தலையில் சுமந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துத்தான் என் வடிவமைப்பு சரி என்று நம்பியிருக்கிறேன்.

விற்பதற்கு முன் சோதிக்கவில்லையா என்றால், சோதித்தேன். கேபிள் டிரம்மையே வாங்கி வந்து, முழு நீளத்துக்கும் சிக்னல் அனுப்பிப் பார்த்தேன். ஒரு பிழைகூட வரவில்லை. ஆனால் கேபிளின் இரண்டு முனையும் ஒரே மேஜையில், ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகிய இரண்டு கருவிகளில் இருந்தன. தூரத்தைச் சோதித்தேன். தூரத்தால் பேனல்களுக்கு நடுவில் வரும் வேறுபாட்டைச் சோதிக்கவில்லை.

ஆலையில் கேபிள் இழுத்த அன்று அந்த எலக்ட்ரீஷியன் என்னிடம் கேட்டார்:

“ஏனுங்க சார், கேபிள்ல ஒரு ஜோடி சும்மாதானுங்க கெடக்குது. மைனஸுக்கு மைனஸ் ஒரு ஒயர் கூடவே இழுத்துட்டுப் போயிரலாமுங்களா?”

“வேண்டாங்கண்ணா, இது டிஃபரன்ஷியல். கிரவுண்டே தேவையில்லை” என்றேன்.

அவர் ஐடிஐ படித்தவர். நான் இன்ஜினீயரிங் படித்தவன். அவர் தலையாட்டிவிட்டு இரண்டு ஒயரை மட்டும் முடுக்கினார். அவர் கேட்டது எல்லா வகையிலும் சரி. மோட்பஸ் அமைப்பே வெளியிட்டிருக்கும் சீரியல் லைன் வழிகாட்டியில், இரண்டு ஒயர் இணைப்பு என்று பெயரிட்ட பகுதியிலேயே, காமன் என்று மூன்றாவது ஒயர் எல்லாக் கருவிகளையும் கட்டாயம் இணைக்க வேண்டும் என்றும், அந்தக் காமனை முழு லைனுக்கும் முடிந்தவரை ஓரிடத்தில் மட்டும் எர்த்தோடு சேர்க்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வழிகாட்டி என் கம்ப்யூட்டரில் இருந்தது. செய்தி எப்படி அமைய வேண்டும் என்ற பக்கங்களை மட்டும் படித்திருந்தேன். ஒயரிங் பக்கங்களை எலக்ட்ரீஷியன் சமாச்சாரம் என்று தாண்டிவிட்டேன்.

கொஞ்ச காலம் நன்றாக ஓடியது. பிறகு கோன் வைண்டிங் போர்டு விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தது. கம்ப்யூட்டரில் ஈரப்பதம் உறைந்து நிற்கும், பிறகு தானே உயிர் வரும். சில போர்டுகளில் 485 சிப் செத்துப்போனது. மாற்றினால் மறுபடி சாகும். என் சர்வீஸ் பையன் லேப்டாப்பைக் கொண்டுபோய் மாட்டினால் சார்ஜர் செருகியிருக்கும்போது தொடர்பு வராது, சார்ஜரைப் பிடுங்கினால் வரும். இதைவிடத் தெளிவாக ஒரு கருவி தன் நோயைச் சொல்ல முடியாது. மூன்று பின் சார்ஜர் லேப்டாப்பின் கிரவுண்டை எர்த்தோடு கட்டுகிறது, பிடுங்கினால் லேப்டாப் மிதக்கிறது. பையன் சொன்னபோது, “அப்ப பேட்டரியிலயே வேலை பாரு” என்று சொல்லி அனுப்பினேன்.

எலக்ட்ரீஷியன் இன்னொன்றும் கவனித்திருந்தார். “சாயங்காலம் யார்டு லைட்டும் குடோன் லைட்டும் போட்டாத்தானுங்க சார் இது போவுது. காலைல லைட்டை நிறுத்துனா வந்துருதுங்க.” நான் சிரிக்கவில்லை, மறுக்கவும் இல்லை. பதிலே சொல்லாமல் போர்டில் சாஃப்ட்வேரை மாற்றி, பிழை வந்தால் மறுபடி மறுபடி கேட்கும்படி செய்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதை எழுதி வைத்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதன்பின் அவர் என்னைக் கேட்காமல் ஒரு வேலை செய்தார். ரிங் ஃபிரேம் போர்டின் மைனஸிலிருந்து கோன் வைண்டிங் போர்டின் மைனஸுக்குச் சும்மா கிடந்த ஜோடியில் ஓர் ஒயரை இணைத்துவிட்டார். தொடர்பு ஓரளவு தேறியது. மாலையில் அறுவதும் குறைந்தது. அடுத்த முறை நான் போனபோது காட்டினார். நான் அந்த ஒயரை வெட்டச் சொன்னேன். “கிரவுண்ட் லூப் ஆயிரும்” என்றேன்.

அது முழுப் பொய் இல்லை என்பதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. இரண்டு பக்கமும் எர்த் ஆகியிருக்கும் மைனஸ்களை நேரே மெல்லிய ஒயரால் கட்டினால், இரண்டு எர்த்துக்கும் உள்ள வோல்ட்டேஜ் அந்த ஒயர் வழியே ஓடும். 485 தரம் இதற்காகவே கிரவுண்ட் இணைப்பில் 100 ஓம் தடை போடச் சொல்கிறது. இவ்வளவும் எனக்கு ஏட்டளவில் தெரியும். ஆனால் அன்று என்னிடம் மீட்டர் இருந்தது. இரண்டு மைனஸுக்கும் நடுவில் வைத்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்த்திருந்தால் அவர் கண்டுபிடித்த இடம் சரி, அங்கே வெறும் ஒயருக்குப் பதில் ஐசோலேட்டர் வேண்டும் என்று இருவரும் சேர்ந்து முடித்திருப்போம். நான் வெட்டச் சொன்னது லூப்புக்குப் பயந்து அல்ல. என் போர்டில் இல்லாத ஒன்றை அவர் கை சேர்த்து, அது பலன் கொடுத்துவிட்டது. அதைத் தாங்க முடியவில்லை.

ஒயர் போனதும் பிரச்சினை பழையபடி திரும்பியது. மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டார். “சைட்ல எர்த்திங் சரியில்லைங்க சார். ஒயரிங்கையும் தோணுனபடி மாத்தி வச்சிருக்காங்க” என்றேன். எலக்ட்ரீஷியன் அதே அறையில் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கேட்காமலே மேனேஜர் கோபப்பட்டார். பேனல் வேலை அவரிடமிருந்து எடுக்கப்பட்டு வெளி கான்ட்ராக்டருக்குப் போனது. சந்தையிலிருந்து, இரு பக்கக் கிரவுண்டையும் பிரித்துவைக்கும் ஐசோலேட்டட் ரிப்பீட்டர்கள் வாங்கிப் போட்டால் சரியாகிவிடும் என்று யோசனை சொன்னதும் நான்தான். ஆலை தன் செலவில் வாங்கியது, சரியாகிவிட்டது. எர்த்திங்தான் காரணம் என்ற என் வார்த்தை நிரூபணமானது போல் எல்லாருக்கும் தோன்றியது.

எனக்கு உண்மை தெரிந்தது அந்த ரிப்பீட்டர்களை மாட்டப் போன இடத்தில்தான். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கோன் வைண்டிங் பேனலின் எர்த்துக்கும் ரிங் ஃபிரேம் பேனலின் எர்த்துக்கும் நடுவில் மீட்டர் வைத்தேன். லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. ஏசி ரேஞ்சில் எட்டு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. தேடிப்போனால், குடோன் லைட்டுகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிபியில் யாரோ பல வருஷம் முன்பு நியூட்ரலையும் எர்த்தையும் ஒன்றாகக் கட்டியிருந்தார்கள். நியூட்ரல் லக் தளர்ந்திருந்தது. லைட்டுகளின் மின்னோட்டம் எர்த் ஒயர் வழியாக டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அதே எர்த் ஒயரில்தான் கோன் வைண்டிங் பேனலும் தொங்கியது. பேனல்களில் மைனஸை எர்த்தோடு கட்டியிருந்ததால் போர்டின் பூஜ்யமும் அதோடு ஆடியது.

கணக்கு எளிது. 4 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர் 100 மீட்டருக்குச் சுமார் 0.43 ஓம். அதில் 20 ஆம்பியர் ஓடினால் 8.6 வோல்ட். −7 முதல் +12 என்ற எல்லைக்கு இது ரொம்பப் பெரிதாகத் தெரியாது. ஆனால் மீட்டர் காட்டுவது ஆர்எம்எஸ். உச்சம் அதன் 1.414 மடங்கு, 12 வோல்ட்டுக்குச் சற்று மேல். ஒரு வினாடிக்கு 50 முறை கோன் வைண்டிங்கின் பூஜ்யம் மற்றவர்களின் பூஜ்யத்துக்கு 12 வோல்ட் மேலேயும் 12 வோல்ட் கீழேயும் போய் வந்துகொண்டிருந்தது. கீழ்ப்பக்க எல்லை −7 மட்டுமே. சிப்புகள் செத்ததில் வியப்பில்லை, சில பிழைத்திருந்ததுதான் வியப்பு.

இதை வைத்துக்கொண்டு, சைட் எர்த்திங் கோளாறுதானே, நான் சொன்னது சரிதானே என்று கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். அந்த டிபியில் நியூட்ரலை எர்த்தோடு கட்டியது தவறுதான். அதைக் கட்டியவர் இந்த எலக்ட்ரீஷியன் இல்லை, அவர் அந்த ஆலைக்கு வருவதற்கு முன்பே அது அங்கே இருந்தது. அதைச் சரி செய்தாலும் என் போர்டு தப்பிக்காது. ஆலை முழுக்க இன்வெர்ட்டர் டிரைவ்கள் இருக்கின்றன. அவற்றின் ஃபில்டர்கள் எர்த்துக்குள் எந்நேரமும் கசியவிடுகின்றன. எங்கோ ஒரு மோட்டார் பாடியில் ஷார்ட் ஆனால் ஃபியூஸ் போகும்வரை எர்த் ஒயரில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும், ஓட வேண்டும். எர்த் ஒயர் போடுவதே அதற்காகத்தான். ஐஎஸ் 3043 படி எர்த் குழி தோண்டி, பைப் இறக்கி, பட்டை ஓட்டுவதெல்லாம் மெஷினைத் தொடும் தொழிலாளி உயிரோடு வீட்டுக்குப் போக வேண்டும் என்பதற்காக. ஆலையின் இரண்டு கோடியிலும் எர்த் ஒரே வோல்ட்டில் இருக்கும் என்று எந்தத் தரமும் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆள் உயிரைக் காக்க அவர் பராமரித்த எர்த்திங்கை, என் சிப்புக்கு ஒத்துவரவில்லை என்பதற்காகச் சரியில்லை என்று சொன்னேன்.

அடுத்த மாடல் போர்டில் டிஜிட்டல் ஐசோலேட்டரும், 485 பக்கத்துக்குத் தனியாக ஒரு சிறிய ஐசோலேட்டட் டிசி-டிசி கன்வெர்ட்டரும் வைத்தேன். மூன்றாவது டெர்மினலும் வந்தது. ஐசோலேஷன் இருந்தால் மூன்றாவது ஒயர் வேண்டாம் என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். நேர்மாறு. ஐசோலேட் செய்த பக்கம் எதையும் பிடிக்காமல் மிதக்கும். எல்லாப் போர்டுகளின் மிதக்கும் பக்கங்களையும் ஒன்றோடொன்று கட்டுவது அந்த ஒயர்தான். அதை ஓரிடத்தில் மட்டும் எர்த்தோடு சேர்த்துவிட்டால் பேனல்களுக்குள் எர்த் எவ்வளவு ஆடினாலும் லைனுக்குத் தெரியாது. இதெல்லாம் செய்துவிட்டு விளம்பரத் தாளில் “இரைச்சலைத் தாங்கும் திறன் கூடியது” என்று எழுதினேன். பழைய மாடல் வாங்கியவர்களுக்கு ஒரு கடிதம்கூடப் போடவில்லை. ஆலைக்குப் போய், ரிப்பீட்டருக்கு நீங்கள் கொடுத்த பணம் நான் கொடுத்திருக்க வேண்டியது என்றும் சொல்லவில்லை.

இதை எழுத உட்காருவதற்கு முன் அந்த எலக்ட்ரீஷியனைத் தேடிப் போனில் பிடித்தேன். பேனல் வேலை போனபின் அவருக்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை. இப்போது வீட்டு ஒயரிங் எடுத்துச் செய்கிறார். குடோன் டிபியில் பார்த்ததையும், எட்டு வோல்ட்டையும், மேனேஜரிடம் நான் சொன்னதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நீளமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்று மட்டும் கேட்டார்.

“லைட்டுதான்னு நாஞ் சொன்னப்பவே உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?”

இல்லை என்றேன். புரிந்துகொள்ள முயற்சி செய்யவில்லை, நீங்கள் சொன்னதால் முயற்சி செய்யவில்லை என்றேன். “செரிங்க” என்றார். மன்னித்தார் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. இதே விவரங்களை எழுதி, ரிப்பீட்டர்களின் விலையைத் திருப்பித் தருவதாகவும், பழி அவருடையது இல்லை என்றும் ஆலை நிர்வாகத்துக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அதன் நகல் அவரிடம் இருக்கிறது.

பழைய மாடல் போர்டுகள் இன்னும் வேறு இடங்களிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன. வாங்கியவர்களுக்கு ஒவ்வொருவராக எழுதிவருகிறேன். என் போர்டாக இல்லாவிட்டாலும், ஏ, பி என்று இரண்டே டெர்மினல் உள்ள 485 கருவி உங்கள் பேனலில் இருந்தால் இதைச் செய்து பாருங்கள். லைனைக் கழற்றிவிட்டு, ஒரு முனைக் கருவியின் மைனஸிலிருந்து மறுமுனைக்கு ஒரு தற்காலிக ஒயர் இழுத்து, அந்த ஒயரின் நுனிக்கும் அங்குள்ள மைனஸுக்கும் நடுவில் மீட்டர் வைத்து ஏசியிலும் டிசியிலும் அளக்க வேண்டும். லைட், மோட்டார், கம்ப்ரஸர் எல்லாம் ஓடும்போது ஒருமுறை, எல்லாம் நின்றிருக்கும்போது ஒருமுறை. எர்த் செய்யாத மைனஸாக இருந்தால் மீட்டர் பல பத்து வோல்ட் காட்டிப் பயமுறுத்தும். மீட்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே 10 கிலோ ஓம் தடை ஒன்றை வைத்து மறுபடி அளந்தால் ஒன்றிரண்டு வோல்ட்டுக்குள் விழுந்துவிடும். தடை வைத்தும் விழாமல் ஏசியில் நாலைந்து வோல்ட்டுக்கு மேல் நின்றால் அந்த லைன் எல்லையை நெருங்கிவிட்டது. அங்கே வெறும் ஒயரால் மைனஸ்களைக் கட்டாதீர்கள், ஐசோலேட்டர் வேண்டும். அதற்குக் கீழே என்றால் கேபிளில் சும்மா கிடக்கும் ஒயரை, இரண்டு முனையிலும் 100 ஓம் தடை போட்டு, மைனஸுக்கு மைனஸ் இணைத்துவிடலாம். அளக்கும்போது உங்கள் எலக்ட்ரீஷியனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்த நேரத்தில் எது போகிறது என்று அவரிடம் முதலில் கேளுங்கள்.